அமெரிக்கக் கிராமப்புறப் பள்ளி மாவட்டத்தின் மக்களையும் பொருளாதாரத்தையும் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றுக்கு வேலை மாறிப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, அந்த ஊர்ப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஏதாவது ஒரு தளத்தில் பார்ப்பதுதான். நான்கு என்று காட்டினால் அன்று இரவே வீட்டில் பேச்சு மாறிவிடும், ஐம்பது மைல் தள்ளி நகரத்தில் வீடு பார்க்கலாமா, தினமும் கார் ஓட்டிப் போய்வர முடியுமா என்று. ஆனால் அந்த ஊரில் யார் இருக்கிறார்கள், எதை வைத்துப் பிழைக்கிறார்கள், பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் தெரியாமல் அந்த நான்கை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஜே-1 விசா விலக்கு பெற்று மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் 3 வருடம் பணிபுரியப் போகும் டாக்டர்கள், கிராமத்துப் பள்ளிகளுக்கு வரும் ஆசிரியர்கள், ஆலையில் வேலை கிடைத்துப் போகும் பொறியாளர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். குடியுரிமை வாங்கி, பள்ளி வாரியத் தேர்தலில் நிற்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும். தரவுகள் எல்லாம் இலவசம், ஒரு வார இறுதி போதும்.

ஒன்றை மட்டும் கடைசி வரை மனதில் வையுங்கள். ஒரு கிராமப்புறப் பள்ளி மாவட்டத்தில் வசிப்பவர்கள் ஒரு கூட்டம், அங்கே படிப்பவர்கள் இன்னொரு கூட்டம், அதற்கு வரி கட்டுபவர்கள் மூன்றாவது கூட்டம். நகரத்தில் இவை ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று பொருந்திவிடும். கிராமத்தில் பல இடங்களில் பொருந்தாது, அந்த இடைவெளியில்தான் அந்த ஊரின் கதை இருக்கிறது.

முதல் படி: எல்லைக்கோட்டைப் பிடியுங்கள்

மாவட்டம் என்றதும் நமக்கு ஆட்சியர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கப் பள்ளி மாவட்டம் அப்படிப்பட்டது இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் அது பள்ளி நடத்துவதற்காக மட்டுமே உள்ள தனி உள்ளாட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் இருக்கும், பல இடங்களில் வரி போடும் அதிகாரமும் இருக்கும். கவுன்ட்டி (மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு, நம்மூர் மாவட்டம் மாதிரி) எல்லையோடு அது ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் கிடையாது, சில மாவட்டங்கள் இரண்டு மூன்று கவுன்ட்டிகளில் பரந்து கிடக்கும். ஃபுளோரிடாவில் கவுன்ட்டிக்கு ஒன்று, ஹவாயில் மாநிலம் முழுவதுக்கும் ஒன்றே ஒன்று. இல்லினாய், மொன்டானா, கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்களில் தொடக்கப் பள்ளிக்கு ஒரு மாவட்டமும் உயர்நிலைப் பள்ளிக்கு வேறொரு மாவட்டமும் ஒரே நிலத்தின் மேல் இருக்கலாம். அப்படியானால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

1939-40 கல்வியாண்டில் நாடு முழுக்க 1,17,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இன்று சுமார் 13,000. இடைப்பட்ட காலத்தில் ஒற்றை அறைப் பள்ளிகள் மூடப்பட்டு, பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இணைக்கப்பட்டன. மாவட்டத்தின் பெயரில் இரண்டு மூன்று ஊர்ப் பெயர்கள் கோத்திருந்தால் அது அப்படிப்பட்ட இணைப்பின் தழும்பு. எந்த ஊர் பள்ளியை இழந்தது, எந்த ஊரில் கட்டடம் நின்றது என்று விசாரியுங்கள், ஐம்பது வருடம் கழிந்தும் வாக்குப்பதிவில் அது தெரியும்.

தேசியக் கல்விப் புள்ளியியல் மையம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு 7 இலக்க எண் தந்திருக்கிறது, முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நாலைந்து மாநிலங்களில் மாவட்டம் இருக்கும், பெயரை வைத்துத் தேடினால் வேறு ஊரின் கணக்கு வந்து விழும். அதே மையம் தரும் இடக் குறியீட்டையும் பாருங்கள். 41 என்றால் நகரத்தின் ஓரத்துக் கிராமம், 42 என்றால் சற்றுத் தள்ளியது, 43 என்றால் பெரிய நகர்ப் பகுதியிலிருந்து 25 மைலுக்கும், சிறு நகர்ப் பகுதியிலிருந்து 10 மைலுக்கும் அப்பால் இருப்பது. 41-ம் 43-ம் இரண்டுமே கிராமம் என்றுதான் எழுதப்படும், வாழ்க்கை முற்றிலும் வேறு. 41-இல் பாதிப் பேர் நகரத்துக்கு வேலைக்குப் போய்வருவார்கள். 43-இல் பல் மருத்துவரைப் பார்க்கவே ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: வசிப்பவர்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் அரசு அலுவலகமான சென்சஸ் பீரோவின் தரவுத் தளத்துக்குப் போய், இட வகையில் பள்ளி மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு என்று ஒன்று வருடம் முழுக்க நடக்கிறது, ஏசிஎஸ் என்பார்கள். 65,000 பேருக்குக் குறைவான இடங்களுக்கு 5 வருட மாதிரிகளைச் சேர்த்துத்தான் அதில் எண் தருவார்கள், கிராமப்புற மாவட்டம் அநேகமாக அதற்குள்தான் வரும். டிபி02 சமூக விவரம், டிபி03 பொருளாதாரம், டிபி04 வீடுகள், டிபி05 வயதும் இனமும். இந்த நாலு அட்டவணை போதும், ஆரம்பத்திலேயே நூறு அட்டவணை இறக்கிக் குழம்ப வேண்டாம்.

சரி, இப்போது பெரும்பாலானோர் சறுக்கும் இடம். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பிழை வரம்பு என்று இன்னொரு எண் இருக்கும், அதைப் பார்க்காமல் யாரும் எதுவும் எழுதக் கூடாது. உதாரணத்துக்கு, வறுமை 22 சதவீதம், பிழை வரம்பு 9 என்று இருந்தால், உண்மை 13-க்கும் 31-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம், அவ்வளவுதான். பக்கத்து மாவட்டம் 18 என்று காட்டினால் அது வசதியான ஊர் என்று சொல்ல இந்த எண்ணால் முடியாது. இன்னொரு தவறு, 2018-22 எண்ணையும் 2019-23 எண்ணையும் ஒப்பிட்டு ஊர் முன்னேறிவிட்டது என்பது. இரண்டிலும் நாலு வருடம் பொதுவானது. 2014-18-ஐ 2019-23 உடன் வையுங்கள், அப்போதுதான் மாற்றம் தெரியும்.

வயதுப் பிரிவை நேரம் எடுத்துப் பாருங்கள், நான் எப்போதும் அங்கேதான் அதிக நேரம் நிற்பேன். கிராமப்புற மாவட்டங்களில் அடிக்கடி ஒரு குழி தெரியும்: 18 வயது வரை ஆட்கள் இருப்பார்கள், 20 முதல் 34 வரை மெலிந்துவிடும், 55-க்கு மேல் மறுபடி பருக்கும். படித்து முடித்த பிள்ளைகள் வெளியேறிவிட்டார்கள் என்று பொருள். அந்தக் குழி ஆழமாக இருந்தால் பத்து வருடத்தில் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். சில ஊர்களில் 30 வயதுக்கு மேல் கொஞ்சம் பேர் குடும்பத்தோடு திரும்பி வருவதும் உண்டு, அது தெரிந்தால் நல்ல அறிகுறி.

அப்புறம் சிறைகள். நான் முதன்முதலில் இப்படி அலசிய மாவட்டத்தில் 25 முதல் 44 வயதுக்குள் ஆண்கள் பெண்களைவிட இரண்டு மடங்கு இருந்தார்கள். ஆலை ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். எல்லைக்குள் ஒரு மாநிலச் சிறை இருந்தது. சென்சஸ் கைதிகளைச் சிறை இருக்கும் இடத்து மக்களாகவே எண்ணுகிறது. அவர்களுடைய பிள்ளைகள் வேறெங்கோ படிக்கிறார்கள், ஆனால் அந்த ஊரின் இனப் பங்கும் கல்வித் தகுதியும் அவர்களால் மாறித் தெரியும். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் முழுக் கணக்கெடுப்பில், கடைசியாக 2020-இல் எடுத்ததில், குழுக் குடியிருப்பு என்ற அட்டவணை இருக்கிறது, சிறை, கல்லூரி விடுதி, முதியோர் இல்லம் மூன்றையும் அதில் தனியாகப் பார்த்துக் கழித்துவிடுங்கள். 2020 கணக்கெடுப்பில் தனியுரிமைக்காகச் சின்ன இடங்களின் எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றம் கலந்திருக்கிறார்கள், அதனால் ஐம்பது பேர் வசிக்கும் குக்கிராமத்தின் எண்ணை வைத்து வாதம் செய்ய வேண்டாம்.

மூன்றாம் படி: படிப்பவர்கள்

மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் ஆண்டறிக்கை வெளியிட வேண்டும், 2015-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் மாணவர் எண்ணிக்கை, இனப் பிரிவு, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், சிறப்புக் கல்வி பெறுபவர்கள் எல்லாம் இருக்கும். இதை எடுத்து, மாவட்டத்துக்குள் வசிக்கும் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளின் எண்ணிக்கையின் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ஊர்ப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கே போகிறார்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் யார் விலகிப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

விலகலுக்குப் பல காரணம். வீட்டிலேயே கற்பிப்பது, தனியார் பள்ளி, அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளி, பக்கத்து மாவட்டத்தில் சேர அனுமதிக்கும் திறந்த சேர்க்கை. இதில் வரலாறும் ஒளிந்திருக்கும். மிசிசிப்பி டெல்டாவில் பல மாவட்டங்களில் வெள்ளையர்கள் வசிப்பது அட்டவணையில் தெரியும், அரசுப் பள்ளியில் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பின மாணவர்களாக இருப்பார்கள். 1969-இல் உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினையை உடனே முடிக்கச் சொன்ன காலத்தில் ஊருக்கு ஊர் தனியார் அகாடமிகள் முளைத்தன, அவற்றில் சில இன்னும் நடக்கின்றன. ரேட்டிங் தளத்தின் நான்கு மதிப்பெண்ணில் இதெல்லாம் தெரியுமா?

நேர்மாறான ஊர்களும் உண்டு. கான்சஸின் கார்டன் சிட்டி, அயோவாவின் ஸ்டார்ம் லேக், மினசோட்டாவின் வொர்திங்டன், இவை இறைச்சி ஆலை ஊர்கள். அங்கே ஊர் மொத்த மக்கள்தொகையில் வயதான வெள்ளையர்கள் கணிசமாக இருப்பார்கள், பள்ளியில் லத்தீன் அமெரிக்க, ஆசிய, ஆப்பிரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். டெக்சாஸின் டைலர் பள்ளி மாவட்டம் தொடர்பான வழக்கில் 1982-இல் வந்த தீர்ப்பின்படி, குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளையும் அரசுப் பள்ளி சேர்க்க வேண்டும். அவர்கள் பள்ளிச் சேர்க்கையில் வருவார்கள், ஆனால் பெற்றோர் பயந்து கணக்கெடுப்பாளருக்குக் கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட ஊரில் பள்ளியின் எண்ணை நான் அதிகம் நம்புவேன்.

இன்னும் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, இடம்பெயரும் விவசாயத் தொழிலாளர்களின் பிள்ளைகள், இவர்களுக்கென்று தனி கூட்டாட்சித் திட்டம் 1966 முதல் இருக்கிறது. மற்றது, வீடற்ற மாணவர்கள். தெருவில் படுப்பவர்களை மட்டும் இது குறிப்பதில்லை, வாடகை கட்ட முடியாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் பள்ளிக் கணக்கில் இதில் சேர்வார்கள். கிராமத்தில் வீடின்மை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், யார் கண்ணிலும் படாது. சின்னப் பள்ளிகளில் பல கட்டங்கள் காலியாகவோ நட்சத்திரக் குறியோடோ இருக்கும். மிகச் சிலரே உள்ள பிரிவை அடையாளம் தெரியக் கூடாதென்று மறைப்பார்கள். அது பூஜ்யம் இல்லை, பூஜ்யம் என்று கூட்டிவிடாதீர்கள்.

நான்காம் படி: வறுமையை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள்?

மூன்று அளவுகோல் இருக்கிறது, மூன்றும் மூன்று விடை சொல்லும்.

சென்சஸ் பீரோ ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் 5 முதல் 17 வயதுக்குள் வறுமைக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மதிப்பிட்டு வெளியிடுகிறது, செய்பி என்பார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கான டைட்டில் ஒன் நிதியைப் பிரிக்க அடிப்படை இதுதான். அதன் வறுமைக் கோடு 1960-களில் மாலி ஓர்ஷான்ஸ்கி என்ற அரசுப் பொருளாதார வல்லுநர் உணவுச் செலவை மூன்றால் பெருக்கி உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துகிறார்கள், ஆனால் ஊருக்கு ஊர் மாறாது. வீட்டு வாடகை குறைந்த கிராமத்தில் அதே கோடு சற்று உயரமாகத் தெரியும், கார் இல்லாமல் எங்கும் போக முடியாத ஊரின் பெட்ரோல் செலவோ அதில் வராது.

இரண்டாவது, இலவச, சலுகை விலை மதிய உணவு. வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை வருமானம் என்றால் இலவசம், 185 வரை சலுகை. பல வருடம் எல்லோரும் இதைத்தான் வறுமைக்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள். இப்போது பல பள்ளிகள் விண்ணப்பமே இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகச் சோறு போடுகின்றன, பிள்ளைகளுக்கு அது பெரிய நன்மை, நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளியின் எண் 100 சதவீதம் என்று காட்டினால் எல்லோரும் ஏழைகள் என்று எழுதிவிடக் கூடாது. இந்தத் திட்டத்தில் சேர, உணவு உதவி போன்ற அரசு உதவிப் பட்டியலின் மூலம் நேரடியாக அடையாளம் காணப்பட்டவர்கள் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்றிருந்ததை 2023-இல் 25 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதனால் 2023-க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வரையக் கூடாது.

மூன்றாவது, அந்த நேரடி அடையாள விகிதமே. என் கருத்தில் இன்று ஓரளவு நேர்மையான எண் இதுதான். அதை 1.6-ஆல் பெருக்கினால் பழைய மதிய உணவு எண்ணுக்கு நெருக்கமாக வரும். ஆனால் உதவி கேட்க வெட்கப்படும் குடும்பங்கள் கிராமத்தில் அதிகம், அவர்கள் இதில் விடுபடுவார்கள்.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். டைட்டில் ஒன் சூத்திரத்தின் ஒரு பகுதி, ஏழைப் பிள்ளைகளின் சதவீதத்தையோ எண்ணிக்கையையோ, எது அதிக மதிப்புத் தருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. எண்ணிக்கை என்றால் பெரிய மாவட்டங்களுக்குத்தான் லாபம். வறுமை விகிதம் குறைவாக உள்ள பெரிய மாவட்டம், வறுமை மிகுந்த சின்ன மாவட்டத்தைவிட ஒரு பிள்ளைக்கு அதிகம் வாங்கிவிடலாம். இதை ஓரளவு ஈடுகட்ட கிராமப்புறக் கல்வி நிதி என்று ஒன்று இருக்கிறது, 600-க்கும் குறைவான மாணவர் வருகை உள்ள அல்லது சதுர மைலுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாக வசிக்கும் கவுன்ட்டியில் இருக்கும் மாவட்டங்களுக்கு. உங்கள் மாவட்டம் அதற்குத் தகுதி பெற்றும் விண்ணப்பிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: பிழைப்பு

வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு ஒவ்வொரு கவுன்ட்டியையும் எதை நம்பி இருக்கிறது என்று வகைப்படுத்தியிருக்கிறது: விவசாயம், சுரங்கம், ஆலை, அரசு வேலை, சுற்றுலா. அங்கே தொடங்குங்கள். பிறகு சென்சஸ் பீரோவின் ஆன் தி மேப் என்ற கருவியில் மாவட்ட எல்லையைப் போட்டு, எத்தனை பேர் வெளியே வேலைக்குப் போகிறார்கள், எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள். வெளியே போகிறவர்கள் அதிகம் என்றால், மாலை 3 மணிக்கு நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு ஏன் யாரும் வருவதில்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

கிராமத்தில் விவசாயம்தான் முக்கிய வேலை என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். பெரும்பாலான இடங்களில் மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறை, ஆலை, கடைகள், எல்லாவற்றுக்கும் மேல் பள்ளியே பெரிய முதலாளி. பள்ளியில் இருபது வேலை குறைந்தால் ஊரில் இருபது குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு போகிறது. விவசாயி பலரும் வீட்டில் ஒருவரைப் பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலைக்கு வைத்திருப்பது அந்தக் காப்பீட்டுக்காகத்தான்.

விவசாயக் குடும்பத்தின் வருமான எண்ணைப் படிக்கும்போது கவனம் தேவை. செலவு கழித்த நிகர வருமானத்தைத்தான் கணக்கெடுப்பு கேட்கிறது, மோசமான வருடத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். பல லட்சம் டாலர் நிலம் வைத்திருப்பவர் அந்த வருடம் வறுமைக் கோட்டுக்குக் கீழே எழுதப்படுவார். நிலத்தில் வேலை செய்யும் கூலிக்காரரும் அதே கோட்டுக்குக் கீழே. அட்டவணைக்கு இருவரும் ஒன்று, பள்ளிக்கு ஒன்றல்ல.

ஒற்றை ஆலையை நம்பிய ஊரைப் பார்க்கும்போது 5 வருடச் சராசரியை நம்பாதீர்கள். நெப்ராஸ்காவின் லெக்சிங்டனில் சுமார் 11,000 பேர் வசிக்கிறார்கள். அங்கே சுமார் 3,200 பேர் வேலை செய்த மாட்டிறைச்சி ஆலையை மூடப் போவதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். இப்படி ஒரு நாளில் நடப்பதை ஏசிஎஸ் அட்டவணை காட்டப் பல வருடம் ஆகும். அதற்குக் காலாண்டுக்கு ஒருமுறை வரும் வேலைவாய்ப்பு, ஊதியக் கணக்கைப் பாருங்கள், கவுன்ட்டி அளவில் கிடைக்கும், சுயதொழில் செய்பவர்கள் மட்டும் அதில் வர மாட்டார்கள். வடக்கு டகோட்டாவின் எண்ணெய் ஊர்களில் நேர்மாறாக, சில வருடத்தில் சேர்க்கை ஏறி, விலை சரிந்ததும் தடுமாறியது.

ஆறாம் படி: வரி கட்டுபவர்கள்

பள்ளிப் பணத்தில் கூட்டாட்சியின் பங்கு நாடளவில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். மீதியை மாநிலமும் உள்ளூரும் கிட்டத்தட்டப் பாதிப் பாதியாகப் போடுகின்றன, உள்ளூர்ப் பணத்தில் பெரும்பகுதி சொத்து வரி. சென்சஸ் பீரோவின் பள்ளி நிதிக் கணக்கில் உங்கள் மாவட்டத்தின் மூன்று பங்குகளையும் எடுங்கள். பிறகு கவுன்ட்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் மொத்த வரி மதிப்பைக் கேட்டு, மாணவர் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு சொத்து நிற்கிறது என்ற அந்த ஒற்றை எண், வருமான எண்ணைவிட அதிகம் சொல்லும்.

ஏரிக்கரை ஊரில் விடுமுறை வீடுகள் நிறைந்திருக்கும், டிபி04-இல் காலி வீடுகள் அதிகமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். சொத்து மதிப்பு மலை போல, உள்ளூர்க் குடும்பத்தின் வருமானமோ கொஞ்சம். சில மாநிலச் சூத்திரங்கள் இதைப் பணக்கார மாவட்டம் என்று எண்ணி உதவியைக் குறைத்துவிடும். மேற்கில் வேறு சிக்கல்: நெவாடாவின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் கூட்டாட்சியுடையது, அதற்கு வரி போட முடியாது. ராணுவத் தளங்கள், பழங்குடி ஒதுக்கீட்டு நிலங்களுக்கு ஈடாக 1950 முதல் இம்பாக்ட் எய்ட் என்ற நிதி வருகிறது. தேசிய வனங்கள் உள்ள கவுன்ட்டிகளுக்கு 2000-இல் தனிச் சட்டம் வந்தது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைப் புதுப்பிக்காமல் விட்ட வருடங்களில் சின்ன மாவட்டங்கள் தவித்துப்போயின.

1973-இல் டெக்சாஸ் வழக்கொன்றில், சொத்து வரியால் வரும் ஏற்றத்தாழ்வு கூட்டாட்சி அரசியலமைப்பை மீறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு சண்டை மாநில நீதிமன்றங்களுக்குப் போனது. 1989-இல் கென்டக்கியின் ஏழை மாவட்டங்கள் வென்றதும் மாநிலத்தின் பள்ளி அமைப்பையே திருத்தி எழுத வேண்டியிருந்தது. உங்கள் மாநிலத்தில் அப்படி என்ன தீர்ப்பு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நிதிக் கணக்கைப் படிக்க வேண்டாம்.

பள்ளிக் கட்டடத்துக்காக மாவட்டம் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று மக்களிடம் நடத்தும் வாக்கெடுப்பின் முடிவுகளையும் கடந்த பதினைந்து வருடத்துக்குத் தேடுங்கள். ஐடஹோவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், வாஷிங்டனில் 60 சதவீதம். ஐம்பத்தெட்டு சதவீதம் பேர் சரி என்று சொல்லியும் கூரை ஒழுகும் பள்ளிகள் உண்டு. விடுமுறை வீட்டுக்காரருக்கு அங்கே வாக்கு கிடையாது, வரி மட்டும் உண்டு. சேமிப்பில் வாழும் முதியவருக்கு வாக்கும் உண்டு, வரியும் உண்டு, பள்ளியில் பேரப்பிள்ளை மட்டும் இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வாக்கெடுப்பைப் புரிந்துகொள்ள அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழாம் படி: ஐந்து வருடம் கழித்து

இது எளிய கணக்கு. கவுன்ட்டியின் பிறப்பு எண்ணிக்கையையும் ஐந்து வருடம் கழித்துக் கிண்டர்கார்டனில் சேர்ந்தவர்களையும் ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தவர்களில் அடுத்த வருடம் அடுத்த வகுப்பில் எத்தனை பேர் என்ற விகிதத்தை எடுங்கள். உதாரணத்துக்கு, மூன்றாம் வகுப்பில் 40 பேர் இருந்து அடுத்த வருடம் நான்காம் வகுப்பில் 38 என்றால் 0.95. நாலைந்து வருடச் சராசரி எடுத்து முன்னோக்கிப் பெருக்கிக்கொண்டே போங்கள். நாற்பது பேர் வகுப்பில் ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளோடு வந்தாலே கணக்கு ஆடும், அதனால் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில் என்று சொல்லுங்கள்.

எட்டாம் படி: காரை எடுங்கள்

வாரியக் கூட்டக் குறிப்புகளை ஒரு வருடத்துக்கு உட்கார்ந்து படியுங்கள், பெரும்பாலும் இணையத்தில் இருக்கும். வாரம் நாலு நாள் பள்ளியா என்று பாருங்கள். கொலராடோவில் பாதிக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் அப்படித்தான், பலவும் ஆசிரியர்களைப் பிடித்து வைக்க எடுத்த முடிவு. ஐந்தாவது நாள் பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்குப் போய் நில்லுங்கள், எந்தப் பெற்றோர் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பது அங்கே தெரியும்.

கடைசியாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரிடம் பேசுங்கள். எந்தச் சாலையில் புதிதாக டிரெய்லர் வீடுகள் வந்திருக்கின்றன, எந்தப் பண்ணை விலை போனது, எந்த நிறுத்தத்தில் போன வருடம் ஆறு பிள்ளைகள் ஏறி இந்த வருடம் ஒன்று ஏறுகிறது என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்வதை எழுதி, பக்கத்தில் நீங்கள் சேர்த்த வசிப்பவர், படிப்பவர், வரி கட்டுபவர் என்ற மூன்று எண்களையும் எந்த வருடத்துக்குரியவை என்ற குறிப்போடு வையுங்கள். ஒத்துப்போகாத இடங்களைச் சுழியுங்கள். அடுத்த வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கு ஒதுக்கும் சில நிமிடங்களில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அந்தச் சுழிகளில் இருக்கிறது.